முப்பத்தெட்டு அங்குலம்

அந்த நாட்டை நான் பார்த்ததில்லை.
அதன் இடுப்பளவு தெரியும்.
மசேருவில், நாலாவது வரிசையில்
பன்னிரண்டு வருஷமாக
ஜீன்ஸுக்கு ஜிப் வைக்கிறேன்.
முப்பத்திரண்டில் தொடங்கினோம்,
இப்போது முப்பத்தெட்டு.

அங்கே தேர்தல் என்றால்
இங்கே லினேயோ டீயை ஆறவிட்டு
ரேடியோவோடு ஒட்டிக்கொள்வாள்.
நம் மந்திரி யாரென்று கேட்டால்
உதட்டைப் பிதுக்குவாள்;
அவர்கள் மாகாணங்களை
விரல்விட்டுச் சொல்வாள்.
ஓட்டு அவர்களுடையதுதான்.
எண்ணி முடியும்வரை
எங்களுக்குக் கவளம் இறங்காது.

புது வரி என்றார்கள். வெள்ளிக்கிழமை
ஆர்டர் நின்றது.
விளக்கை அணைக்கும்போது
என் மிஷினில் ஒன்று மிச்சம்:
ஜிப் வைத்தாயிற்று,
கால் மூட்டவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
தெபெலோ தம்பியையும் இழுத்துக்கொண்டு
அதற்குள் நுழைந்தான்.
"இன்னும் இடமிருக்கும்மா."

ஜூலைக் குளிர்.
ஜிப்பை ஏற்றிவிட்டேன்.