தினசரி நிதித் தீர்வுகள்

கல்மண்டபம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில்
ஒரு ஷட்டர் அகலக் கடை என்னுடையது.
கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, வாடகை ஒப்பந்தம்
எல்லாம் ஒரே கணினியில்.
கன்டெய்னர் லாரி திரும்பும்போது
திரையில் எழுத்து ஒருமுறை நடுங்கி நிற்கும்.

மாசி மாதம், வெயில் ஏறும் முன்
முனிரத்தினம் வந்தார்.
தண்டல் முனிரத்தினம் என்றால்தான் தெரியும்.
பத்தாயிரம் என்பார்,
எட்டாயிரத்து ஐந்நூறு கையில் வைப்பார்,
நாளைக்கு நூறு, நூறு நாள்.
ஒரு நாள் தவறினால்
டில்லிபாபு வாசலில் வந்து நிற்பான்.
அவன் நின்றால் தெரு முழுக்கக் கேட்கும்.

"பையன் எம்பிஏ படிக்கிறாம்மா.
தண்டல்னு போட்டா அவனுக்கு ஒரு மாதிரியா இருக்காம்.
நல்லதா நாலு வார்த்தை போட்டுக் குடு."

நான் கெட்டிக்காரி.
பக்கத்துக்கு நூற்றைம்பது வாங்குகிறவள்.
தண்டலை அழித்தேன்,
'தினசரி நிதித் தீர்வுகள்' என்று வந்தது.
முன்னாலேயே பிடித்துக்கொள்ளும் ஆயிரத்து ஐந்நூறு
'செயலாக்கக் கட்டணம்' ஆனது.
டில்லிபாபுவின் கத்தல்தான் கொஞ்சம் தகராறு செய்தது.
வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து
'நினைவூட்டல் சேவை' என்று அடித்தேன்.
அவனுக்குக் கள உறவு அலுவலர் என்று
நீலக் கயிற்றில் ஓர் அட்டை.
படம் எடுக்கும்போது
கழுத்துப் பட்டனைப் போடத் தெரியாமல் சிரித்தான்.

நூறு நூறாகவே இருந்தது.
எண்ணுக்கு மாற்றுச்சொல் எனக்குத் தெரியாது.
அவரும் கேட்கவில்லை.

முன்பெல்லாம் காசிமேடு ஏலத்தில் அவர் தலை தெரிந்தால்
"வந்துட்டான்யா ரத்தம் குடிக்கிறவன்" என்பார்கள்
அவர் காதில் விழும்படி.
அந்த வசவுக்குக் கூச்சப்பட்டே
மழை நாளில் ஐம்பது வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

இப்போது ஐஸ் பெட்டியைத் துடைத்து
உட்காரச் சொல்கிறார்கள்.
"எவ்ளோ புடிச்சிக்குவ, ஆயிரமா வெச்சிக்கோ" என்று
பேரம் பேசிய வாய்கள்
'செயலாக்க'த்தில் இடறி மூடிக்கொள்கின்றன.
புரியாததைக் கேட்க வெட்கம்.
கையெழுத்துப் போட வெட்கமில்லை.
தண்டல்காரனை வையலாம்,
அவன் அப்பனையும் சேர்த்து வையலாம்.
நிதித் தீர்வை
எந்த வாயால் வைவது?

பாஞ்சாலை வந்தாள் ஒரு மதியம்.
தாள் நனைந்திருந்தது,
'கட்டணம்' மேல் ஒரு சங்கரா செதில்.
"இத்தப் படி."
படித்தேன்.
"தமிழ்ல படி."
தமிழில்தான் படித்தேன்.
பிறகு சொன்னேன்,
அது பிடித்தம், இது வட்டி, இது டில்லிபாபு.

"தண்டலா? அத்த சொல்றதுக்கு இன்னா கேடு?
மீனுன்னா செவுளப் பிரிச்சுப் பாப்பேன்,
செவப்பா வெளுப்பான்னு தெரிஞ்சிரும்.
இதுக்கு செவுளு எங்க இருக்குது?"

நான் எழுதியது என்று சொல்லவில்லை.
கணினி மின்விசிறி மட்டும் இரைந்தது.

"ரெண்டு ஜெராக்ஸ் போடு.
எங்க சனத்துக்கிட்ட காட்டணும்."
போட்டேன். மூன்று ரூபாய் நீட்டினாள்.
நாலு என்றேன்.
"ஒன்னரைதானே?"
"இப்ப ரெண்டு."

தலையை வெளியே நீட்டிப் பலகையைப் பார்த்தாள்.
போன வாரம்தான் மாற்றியிருந்தேன்.
'ஜெராக்ஸ், டிடிபி' இருந்த இடத்தில்
ஆவணத் தீர்வு மையம்,
பச்சையில், நிழல் வைத்த எழுத்து.

எழுத்துக்கூட்டிப் படித்தாள், நிதானமாக,
'தீர்வு' வந்ததும் நின்றாள்.
"உனுக்கும் பேரு வெச்சாச்சா?"

இன்னொரு ரூபாயை மேசையில் வைத்தாள், ஈரமாக.
சில்லறை எண்ணுகிறவள்போல்
குனிந்துகொண்டேன்.