தடைக்காலத்தில் முதல் சுற்று

ஏப்ரல் பதினைந்து. நள்ளிரவோடு
விசைப்படகெல்லாம் கட்டியாயிற்று.
பாம்பன் வடகடலோரம் ஒன்றின் விலாவில் ஒன்று.
நங்கூரத்துக்கு மட்டும்தான் வேலை.
ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் நின்ற பிறகும்
இரண்டு நாள் என் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

நான் கணக்கு எழுதுகிறவள்.
எந்தப் படகுக்கு எத்தனை பார், எவ்வளவு பாக்கி.
அறுபத்தோரு நாள் எழுத ஒன்றுமில்லாத பேரேட்டைத்
திருப்பிப்போட்டுப் பின்பக்கத்தில் கோடு கிழித்தேன்:
எட்டுத் தொடர், பதினாறு அணி,
எங்களில் ஒருத்தரும் போயிராத ஊர்கள்.

நாலு ஆட்டம் முந்துகிறவன் அடுத்த சுற்றுக்கு.
யார், எத்தனையாவது ஆட்டத்தில்?
இரண்டும் சரியென்றால் ஒரு பார் ஐஸ் வரவு.
ஆள் சரி, எண் தப்பு, அரை பார்.
ஆளே தப்பு, ஒரு பார் பற்று.
பட்டுவாடா ஜூன் பதினான்குக்கு அப்புறம்.
இன்னும் உறையாத தண்ணீரை வைத்துப்
பந்தயம் கட்டினோம்.

விடிகாலை நாலரைக்கே வந்துவிடுவார்கள்.
டிரைவர் சூசைமரியான் கடலைக் கொண்டுதான் கணிப்பார்.
முதல் இரண்டு சொந்த ஊரில், அடுத்த இரண்டு வெளியூரில்,
வடகடல் படுத்தால் தென்கடல் எழும்புகிற மாதிரி.
"நாலுக்கு ரெண்டு. எழுதிக்க தாயி."
தரகர் சேகு ஜலால், ஏலத்தில் போலவே,
அடுத்தவன் வாய் திறக்காமல் தான் திறக்கமாட்டார்.
பாசி எடுக்கப் போகும் இமாகுலேட்டுக்குச் சட்டை நிறம் போதும்.
போன வருஷம் அதிக பார் ஜெயித்தது அவள்தான்.
அதை யாரும் பேசுவதில்லை.

நான் ஃப்ரீ த்ரோவை நம்புகிறவள்.
வலைக்குப் பஞ்சமில்லாத கரையில்
வலையில்லாத வளையத்துக்கு
மூன்று வருஷம் பந்து எறிந்தவள், மண்டபம் பள்ளியில்.
கடைசி இரண்டு நிமிஷம், முழங்கால் உதறும்போது
கோட்டில் நின்று போடத் தெரிந்தவன் எவன்?
அவன் இருக்கும் பக்கம் நான்.

மெக்கானிக் ரெஜிஸ் மட்டும் வருஷா வருஷம்
முதலிடத்துக்காரனை எட்டாமிடத்துக்காரன்
ஏழாவது ஆட்டத்தில் சாய்ப்பான் என்பான்.
"ஏண்டா?"
"எவனாச்சும் எழுதணும்ல."

முதல் ஆட்டம் தோல்வி. இரண்டாவது தோல்வி.
மூன்றாவதை முழுக்கப் பார்க்கவே இல்லை.
மூன்று தோற்றபின் தொடரை மீட்டவன்
அந்த லீக்கில் இதுவரை ஒருத்தனும் இல்லை என்று
போனைப் பார்த்து வாசித்தேன்.
கிரீஸ் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்,
கருப்பானது தெரியாமல்.

நாலாவது ஆட்டம் ஜெயித்தது எட்டாமிடம்.
ஐந்தாவது, கூடுதல் நேரத்தில்.
அன்று சூசைமரியான் எல்லோருக்கும்
டீக்குக் காசு கொடுத்தார். அவரா!
ஆறாவது நாள் கொட்டகையில் முப்பது பேர்,
ஒரு போன், அதை ஐஸ் உடைக்கும் மேஜையில்
சாய்த்து வைத்திருந்தது.
தமக்கெதிராக எழுதியவர்களே
தம் கணிப்புக்கு எதிராகக் கத்தினார்கள்,
நான் உட்பட.

இருபத்திரண்டு புள்ளியில் மூழ்கியது.

யாரும் சிரிக்கவில்லை.
நாலே ஆட்டம் என்று எழுதிய எங்களுக்கெல்லாம்
ஆளுக்கு அரை பார்.
ரெஜிஸ் பெயரில் ஒரு பார் பற்று.
பேரேடு அப்படித்தான். அதற்கு ஐந்தாவது ஆட்டம் தெரியாது.

ஜூன் பதினான்கு இரவு
கம்ப்ரசர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தது.
ரெஜிஸும் படகில் போகிறான். பழைய எஞ்சின்,
கடலில் கூட ஆள் வேண்டும்.
நாற்பது பார் ஏறி முடிந்தது.
பழக்கதோஷம், பேனாவோடு கேட்டுவிட்டேன்:
"எத்தனை பெட்டி வரும்? எப்போ கரை?"

அறியாத ஊர்க்காரன் ஏழாவதில் ஜெயிப்பான் என்று
அடித்துச் சொன்னவன்
கயிற்றை அவிழ்த்தபடி சொன்னான்:
"எங்க படகுக்கு மட்டும் எழுதாத."

எழுதவில்லை.
விளக்குகள் பாலத்துக்கு அப்பால் போகும்வரை
மூடி கழற்றிய பேனா கையில் இருந்தது.
பின்பக்கத்தில் அவன் பாக்கி ஒரு பார்,
இன்னும் உருகாமல்.