இருப்பு முப்பத்தெட்டு

மார்ச் பதினெட்டு, மத்தியானச் சோற்றுக்கு முன்னால்
குளச்சல் கடலோரக் காவல் நிலையத்துக்கு
ஒதுக்கீட்டுத் தாள் வந்தது.
முப்பத்தொன்றுக்குள் செலவழிக்காவிட்டால்
பணம் வந்த வழியே போய்விடும்.
ஏன் போனது என்று விளக்கம் கேட்டு
இன்னொரு தாள் வரும்.

நான் ரைட்டர்.
லத்தியைத் தொட்டு எட்டு வருஷம்.
தினம் பிடிப்பது குண்டூசி, கார்பன், ரப்பர் முத்திரை.

மூன்று விலைப்புள்ளி வாங்கினோம்.
மூன்றிலும் ஒரே இடத்தில்
ஒரே எழுத்துப் பிழை.
அதை நான் குற்றமாகப் பதியவில்லை.

கேமரா பதினாறு.
ட்ரோன் ஒன்று, பெட்டியோடு.
மிதவை அங்கி நாற்பது.
யார் தந்த பணம் என்று சொல்லும்
கிரானைட் பலகை ஒன்று.
டீசலுக்குக் கேட்டோம்.
படகு வாங்கத் தலைப்பு உண்டாம்,
படகு ஓடத் தலைப்பு இல்லையாம்.

கடைசி நாள் ராத்திரி பயன்பாட்டுச் சான்று எழுதினேன்:
"எந்த நோக்கத்துக்காக வழங்கப்பட்டதோ
அந்த நோக்கத்துக்காகவே பயன்படுத்தப்பட்டது."
அங்கிகள் அப்போது பாலிதீன் பிரியாமல்
ஸ்டோர் அறையில்,
பிடிபட்ட மண்ணெண்ணெய்க் கேன்களுக்கு மேலே.

ஆனி நாலாம் தேதி கச்சான் முறுக்கியது.
கொட்டில்பாட்டு வள்ளம் ஒன்று, மூன்று பேர்,
கரையேறவில்லை.
பத்தரைக்கு வாசலில் அறுபது தலை.
"ஏமானே, போட்டை எறக்கணும்,"
சூசைமிக்கேல். தம்பி அந்த வள்ளத்தில்.
டேங்கில் கிடந்த டீசல்
போக மட்டும் காணும்.
இன்ஸ்பெக்டர் ஹெலன் சுபலா
தூத்துக்குடிக்குப் போனில் கத்திக்கொண்டிருந்தார்.
விடிந்தால் ஹெலிகாப்டர் வருமாம்.

"விடியட்டும்ணு கடலுக்கிட்ட ஆரு சொல்லது?"
கேட்டுவிட்டு
தங்கள் வள்ளங்களைத் தள்ளப் போனார்கள்.

சாவி என் இடுப்பில் இருந்தது.
ரசீது இல்லை, கையெழுத்து இல்லை,
பாலிதீனைப் பல்லால் கிழித்தேன்.
இன்ஸ்பெக்டர் பார்த்தார்,
சுவர்க் காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.
ஐந்து வள்ளத்தில் ஏறிய ஆரஞ்சு நிறம்
அலைவாய்க்கு அப்பால் அணைந்தது.

காலையில் இரண்டு பேர் வந்தார்கள்.
பெனான்ஸ் வரவில்லை.
சூசைமிக்கேலின் தம்பிக்கு அதுதான் பெயர்.

அங்கிகள் ஒரு வாரம் திரும்பி வந்துகொண்டிருந்தன,
ஒன்றொன்றாக,
சைக்கிள் ஹாண்டிலில், மீன் கூடையில்,
ஒரு பையனின் தலைக்கு மேல் குடையாக.
முப்பத்தெட்டோடு நின்றது.

புரட்டாசியில் தணிக்கை.
தாணுமாலயன் சார் வெந்நீர் மட்டும் குடிப்பார்,
எதையும் இரண்டு தடவை எண்ணுவார்.
"ரெண்டு குறையுதே."

ஒன்று இருக்கும் இடம் தெரியும்.
வெள்ளனே ஜன்னலில் நின்றால் காணலாம்,
சூசைமிக்கேல் முதுகில் கடலுக்குப் போகிறது.
'காவல்' தேய்ந்து 'கா' மட்டும் மிச்சம்.
மற்றதை அன்று ராத்திரி
கை போல ஏதோ தெரிந்த இடத்துக்கு
ஒருத்தன் கழற்றி எறிந்தானாம்.
கைதானா என்று அவனுக்கு
இன்னும் நிச்சயமில்லை.

இதை எழுதப் பதிவேட்டில் கட்டம் இல்லை.
"தொலைந்ததுண்ணு எழுதும்," என்றார்.
தொலையவில்லை சார்.
"பின்ன எங்க?"
உபயோகத்தில்.

பேனாவை மூடி
கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார்.
மறுபடி திறந்து தடைப் பத்தி எழுதினார்:
நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது,
ரைட்டர் சம்பளத்தில், மூன்று தவணை.

அடுத்த வரி ட்ரோன்.
பெட்டியைத் தூக்கிக் காட்டினேன்.
ஒட்டிய டேப் ஒட்டியபடி.
"எண்ணிக்கை சரி. நிலை நன்று.
ஆட்சேபணை இல்லை."