உத்தரவாத அட்டை

மத்திய வீதிக் கடையில்
குளிர்சாதனப் பெட்டிக்குப்
பத்து வருஷ உத்தரவாதம் என்கிறான் நிஸ்வர்.
எழுபத்தொன்றோடு பத்தைக் கூட்டிப் பார்க்கிறேன்.
துறைமுகத்தில் முப்பது வருஷம் சரக்கு எண்ணியவள்,
கணக்குப் பிழைக்காது.

முன்பென்றால் நிறம் கேட்டிருப்பேன்.
வனிதா வீட்டுப் பெட்டியைவிட உயரமா என்றும்.
இப்போது கதவைத் திறந்து திறந்து மூடுகிறேன்:
இடது மணிக்கட்டுக்கு ஒத்துவருமா,
குனியாமல் மீனை எடுக்கலாமா,
ராத்திரியில் உறுமுமா.
"அன்ரி, வைஃபையும் இருக்கு."
பெட்டி ஆரோடை கதைக்கப்போகுது?

கேட்காமலே ஒரு பிளாஸ்டிக் கதிரை வந்தது.
சுவர் விளம்பரத்தில் சிரிக்கிறவளுக்கு
முப்பது வயதிருக்கும்.
அவள் நின்றுகொண்டே வாங்குவாள்.

தவணைக்குக் கேட்டேன்.
பிறந்த ஆண்டைக் கணினியில் தட்டினவன்
கொஞ்சநேரம் திரையையே பார்த்தான்.
அறுபத்தைந்துக்கு மேல் தவணை இல்லையாம்.
பெட்டியைப் பத்து வருஷம் நம்புகிறவர்கள்
என்னைப் பன்னிரண்டு மாதம் நம்பவில்லை.

அடுத்த நாள் வங்கியால் வந்து
ஐயாயிரம் ஐயாயிரமாக மேசையில் வைத்தேன்.
அவன் மெஷினில் போட்டு எண்ணினான்.
நான் சொன்ன தொகைதான் காட்டியது.
"அட்டையில் ஆற்றை பேர்? மகன்ரையோ?"
புவனமலர், என்றேன்.
எழுத்துக்கூட்டியும் சொன்னேன்.

பஸ் நிலையத்தடியில் ஒரு மான்
ஆரோ எறிந்த பையைக் கிழித்துத் தின்றுகொண்டு நின்றது,
விலை பாராமல்.

உவர்மலைக்கு ஏறுமுன்
பல் துலக்கும் பிரஷ் வாங்கவேணும்.
ஒன்று நூற்றெண்பது,
மூன்று சேர்ந்தது நானூறு.
ஒன்றை எடுத்தேன். வைத்தேன்.
பின்னால் நின்ற பெடியன் அவசரப்பட்டான்.
மூன்றையும் எடுத்தேன்.