ஹ விழாத இயந்திரம்

கோத்தா பாரு, நில அலுவலகத்துக்கு எதிர்ச்சாரி,
ஐம்பத்தாறு, ஆகஸ்ட்.
நிக் ஜூசோ தன் மேசையின் ஆடும் காலுக்கு
மடித்த சிகரெட் அட்டையை அண்டக் கொடுக்கிறார்.
மனு ஒன்றுக்கு ஒரு வெள்ளி.
நகலுக்கு இருபது காசு கூட.

வரப்போகிற நாட்டுக்குச் சட்டம் எழுதுகிறவர்கள்
கடல் கடந்து வந்திருக்கிறார்களாம்.
குறை உள்ளவர்கள் எழுதித் தரலாமாம்.
யாருக்குத்தான் இல்லை?
ஜூசோவின் இயந்திரத்துக்கே ஒன்று உண்டு:
ஹ விழாது.
போன வெள்ளத்தில் துருவேறிய கம்பி.
மலாய் மொழியில் உரிமைக்கு 'ஹக்' என்று பெயர்.
ஆகவே மூன்று வாரமாய்
இந்த ஊரின் உரிமைகள் எல்லாம்
தலையில்லாமல்தான் தாளில் இறங்குகின்றன.
பிறகு அவர் பேனா எடுத்து
ஒவ்வொன்றுக்கும் தலை வைக்கிறார்.

மெக் நாப், பாசிர் பூத்தேயில் புடு விற்பவள்,
வெயில் ஏறுமுன் வந்துவிட்டாள்.
"எழுது. சுல்தான் இருக்க வேண்டும்.
எங்களுக்கென்று ஒதுக்கிய நிலம் இருக்க வேண்டும்.
என் அண்ணன் வயல்
ஒரு மூட்டை அரிசிக் கடனில் கைமாறியது, அதையும் எழுது.
என் பையன்கள் ஆபீஸ் வாசலில் நிற்கிறார்கள்.
உயரமான வாசல். ஒரு படி கட்டிக் கொடுக்கச் சொல்."
"எத்தனை ஆண்டுக்கு?"
"ஏறுகிற வரைக்கும்."
"ஏறியாயிற்று என்று யார் சொல்வது?"
மீன் நெடி போகாத விரலால் அவள் தாளைத் தட்டினாள்:
"அதைச் சட்டக்காரர்கள் யோசிக்கட்டும்.
வெள்ளி கொடுக்கிறவள் நான்."

அதே பெஞ்சின் மறுமுனையில்
லியூ சொங் ஃபா, புலாய்க்காரர்.
மெக் நாப்புக்கு உப்பு விற்பவர்.
அவள் போகும்வரை குடையின் கைப்பிடியைப் பார்த்திருந்தார்.
"என் பேரன் இங்கே பிறந்தான்.
பிறந்த மண் போதும், வேறு சாட்சி கேட்காதீர்கள் என்று எழுது.
அவன் படிக்கும் மொழிக்கு ஒரு பள்ளிக்கூடம், அதையும்."
பிறகு, குரலைத் தாழ்த்தி,
"அவள் சொன்னது காதில் விழுந்தது.
படி கட்டட்டும். நான் எதிர் இல்லை.
அது என் பேரனின் முதுகாக இருக்க வேண்டாம்."

ஜூசோவின் விரல் நின்றது.
அவர் மகனும் அந்த வாசலுக்குக் கீழேதான் நிற்கிறான்.
ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு:
அவர் கைக்கும் ஒரு கணம் தோன்றியிருக்கும்.
"இதையும் எழுதவா?"
"வேண்டாம். பணிவுடன் என்று முடி."
எழுதினார். முன்னே வைத்த அதே கார்பன் தாள்தான்.
வெளிச்சத்தில் பிடித்தால்
உப்புக்காரரின் வரி மேல் புடுக்காரியின் வரி,
எது யாருடையது என்று
அவருக்கே தெரியவில்லை.

கடைசியாக, மதியத்துக்கு மேல், சம்ரான்.
தும்பாட் பக்கம், புத்தர் கோயில் வயலில் பங்கு.
"சயாமுக்கும் இதற்கும் நடுவே கோடு போட்டபோது
நாங்கள் நாற்று நட்டுக்கொண்டிருந்தோம்.
கோடுதான் நகர்ந்தது."
"உங்களை எந்தத் தலைப்பில் போடட்டும்?
மலாய்க்காரர், சீனர், இந்தியர், மற்றவர்..."
"மற்றவருக்கு எத்தனை வரி இருக்கும்?"
"ஒன்று இருக்கலாம்."
"நெருங்கி உட்கார்ந்துகொள்கிறோம்" என்று சிரித்தான்.
வெள்ளி இல்லை. வாழையிலையில் பனைவெல்லம்.

அவன் போய்க் கொஞ்ச நேரம் கழித்து
வெல்லத்தைக் கடித்தபடி பேனாவைத் தேடியபோதுதான்
ஜூசோவுக்கு உறைத்தது:
சம்ரானின் தாளில் ஹ போடவே இல்லை.
ஐந்து இடம். ஐந்தும் தலையில்லாமல்.

ஓடினார். செருப்பொன்று சந்தையிலேயே தங்கிவிட்டது.
பாலேக்பாங் படகு நடு ஆற்றில்.
செம்மண் நீர். வாத்துக் கூடைகள். அவற்றின் நடுவில்
மனுவை மடித்து மடியில் செருகிய சம்ரான்.
"ஹ!" என்று கத்தினார் ஜூசோ, "ஹ! ஹ!"
காற்று அதைச் சிரிப்பாக்கிக் கொண்டுபோயிற்று.

சம்ரான் எழுந்து நின்று கையாட்டினான்.
மூடாத பேனாவோடு
இவரும் ஆட்டினார்.