பல்லி, மல்லி

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் வாசலில்
"மல்லி" என்றேன்.
நாகஜோதி என் தோளைத் தாண்டி
சுவரில் பல்லியைத் தேடினாள்.

அன்று ராத்திரி கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன்.
பல்லி. மல்லி.
ஒரே மூடல், ஒரே திறப்பு.
வல்லினமா மெல்லினமா என்று
உதடு காட்டிக்கொடுப்பதில்லை.
ஆறு வருஷமாய் என் பேச்சில் பாதியை
ஊகித்தே வளர்ந்திருக்கிறாள்.

சனிக்கிழமை எல்லீஸ் நகரில் வகுப்பு.
ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு
கிரீஸ் போகாத கையோடு
அம்மாக்கள் நடுவே ஒரே அப்பன்.
விரல்தான் மெய், என்றார் டீச்சர்.
அதை வைக்கிற இடம் உயிர்:
வாயோரம், தாடை, தொண்டை, கன்னத்துப் பக்கம்.
ஒரு விரல் நீட்டினால் ப.
ஐந்தும் விரித்தால் ம.
உதடும் கூடவே அசையணும்,
கை மட்டும் தனியாக எதுவும் சொல்லாது.
சைகை வேறு பாஷை.
அதையும் படிக்கிறாள், என்னைவிட வேகமாக.

நேற்று கோரிப்பாளையம் சிக்னலில்
பின் சீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தேன்.
"போனா பேசுற?"
கன்னத்தோரம் இருந்த கையைப்
பிடித்து இழுத்தார் போலீஸ்காரர்.
கைக்குள் போன் இல்லை.
பாதி எழுத்து ஒன்று இருந்தது.

நாகஜோதி எட்டிப் பார்த்தாள்,
சத்தமில்லாமல் உதட்டை இரண்டு தரம் மூடித் திறந்தாள்.
"என்ன, பாப்பாங்குதா?"
அவருக்கும் ஊகம்தான்.

கையைப் பாருங்க சார்.
அஞ்சு விரல். ரெண்டு தடவையும் அஞ்சு.
உங்களைத்தான் கூப்பிடுறா,
மாமான்னு.