சுமை சோதனை

பாயா தெருபோங் மலையடியில் எங்கள் பிளாட்.
இருபத்திரண்டு மாடி.
லிப்ட் நான்கு மாடிக்கு ஒருமுறைதான் நிற்கும்.
வரைபடம் போட்டவன் வீட்டில்
யாரும் பிள்ளை சுமக்கவில்லை போலும்.
பதின்மூன்றில் நிற்கும், பதினேழில் நிற்கும்.
நாங்கள் பதினைந்து.
ஏறிப்போய் இறங்குவதா, இறங்கிப்போய் இறங்குவதா என்று
கல்யாணமான புதிதில் தினமும் ஒரு சண்டை,
சிரிப்பில் முடியும்.

இப்போது முப்பத்தேழு வாரம்.
பதின்மூன்றுக்கு முப்பத்திரண்டு படி.
எண்ணிச் சொன்னது என் முழங்கால்.

நவீந்திரனுக்கு லிப்ட் பழுது பார்க்கும் வேலை.
கர்னி கடலோர ஹோட்டல்களில்
கண்ணாடிப் பெட்டிகளை வழுக்கிக்கொண்டு இறங்கவைப்பவன்.
எங்கள் பிளாட் வேறு கம்பெனியின் காண்டிராக்ட்;
இவன் தொட்டால் குற்றம்.
கதவில் காது வைத்துக் கேட்பதோடு சரி.
"ரோலர் தேஞ்சிருக்கு. இன்னும் மூணு வாரம் தாங்கும்" என்பான்,
கிளினிக் மிஸி என் வயிற்றில் கைவைத்துப் பேசும்
அதே குரலில்.

செவ்வாய்க்கிழமை மிஸி சொன்னார்:
"தலை கீழே இறங்கிருச்சுமா. பைய கட்டி வச்சுக்க."
திரும்பும் வழியெல்லாம் இவன் பேசவில்லை.
ஆயர் ஈத்தாம் சிக்னலில் மட்டும்
சிவப்பு எத்தனை வினாடி என்று எண்ணினான்.
தொண்ணூற்றெட்டு.
"ராத்திரி மூணு மணிக்கு ரோடு காலியா இருக்கும், பயப்படாத" என்றான்
ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி.

பை கட்டியாயிற்று.
கைலி இரண்டு, ஐ.சி. நகல், போன் சார்ஜர்,
கட்டைவிரல் நீளத்தில் காலுறை ஒரு ஜோடி.
கூலிமிலிருந்து அம்மா போனில்:
"பொறக்கறதுக்கு முன்ன எதையும் வாங்கிடாதீங்க."
சரிம்மா என்றேன்,
டயப்பர் பொட்டலத்தைக் கட்டிலடியில்
காலால் தள்ளிக்கொண்டே.

மறுநாள் பதினான்காம் மாடித் திருப்பத்தில்
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி முளைத்திருந்தது,
கைப்பிடிக் கம்பியோடு சங்கிலி, சங்கிலிக்குப் பூட்டு.
நடுப்படியில் வலி வந்தால் நான் உட்கார.
சாயங்காலம் அதன்மேல் ஒரு குஷன்.
காக் ரொஹானி வீட்டுப் பூப்போட்ட உறை.
யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

நேற்றிரவு
மூத்திரம் முட்டி எழுந்தேன், நான்காம் முறையோ ஐந்தாம் முறையோ.
முன்னறையில் கீச், கீச் என்று சத்தம்.
கூரையில் அவனே துளையிட்டு இறக்கிய கொக்கி.
கொக்கியில் ஸ்பிரிங்.
ஸ்பிரிங்கில் என் சிவப்பு பாத்தேக் கைலி.
கைலிக்குள்
ஐந்து கிலோ அரிசிப் பை.

தரையில் சம்மணமிட்டு
அரிசியை ஆட்டிக்கொண்டிருந்தான்.
வெறும் தொட்டிலை ஆட்டக்கூடாது என்பார்கள்.
அது அவனுக்குத் தெரியுமா, கேட்கவில்லை.
"சுமை சோதனை" என்றான் திரும்பாமலே.
"பிள்ளை மூணு கிலோ. ஒன்றரை மடங்கு போட்டுப் பாக்கணும்,
அதுக்கு மேல கொஞ்சம்."
"எவ்ளோ நேரமா ஆட்டுற?"
"தெரியல."

சுவரில் சாய்ந்து நின்றேன்.
ஸ்பிரிங் நீண்டது, சுருங்கியது.
எனக்குள் ஒரு முழங்கை
இடமிருந்து வலமாக நகர்ந்துபோனது.
வெளியே லிப்ட் எங்கோ ஒரு மாடியில் நின்று
கதவு திறந்து, மூடியது.
அவன் காது மட்டும் அந்தப் பக்கம் போய் வந்தது.
கை நிற்கவில்லை.

காலையில் அவன் வேலைக்குப் போனபின்
தொட்டிலிலிருந்து பையைத் தூக்கினேன்.
இடுப்பில் சாய்த்து அடுப்படிக்குக் கொண்டுபோனேன்.
வேறு எப்படித் தூக்குவதென்று தோன்றவில்லை.
கத்தரிக்கோலை எடுத்து
பையின் மூலையைத் தேடினேன்.
தேடிக்கொண்டே இருந்தேன்.

பிறகு பையைத் திரும்பக் கைலியில் கிடத்திவிட்டு
படி இறங்கி,
நாற்காலியில் ஒரு மூச்சு உட்கார்ந்து,
கீழே ஆ மெங் கடையில்
ஒரு கிலோ அரிசி
தனியாக வாங்கி வந்தேன்.